காவலர் மாறலாம், கணக்கு மாறக்கூடாது

சென்ற கல்வியாண்டில் அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் மருத்துவ விடுப்பில் இருந்தேன். என் பதினொன்றாம் வகுப்பைக் கவனிக்கப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை மாற்றுப்பணியில் வந்தார். கணினி அறிவியலில் என்னைவிடத் தேர்ந்தவர். பாடநூல், பாடக்குறிப்பேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு எல்லாம் மேசையில் இருந்தன. ஆனால் எந்த மாணவருக்கு எந்த இடத்தில் தடுக்கிறது, யார் எந்தப் பயிற்சியின் பாதியில் நிற்கிறார், யாரை எழுப்பிக் கேட்டால் வாயடைத்துப் போவார் என்பவை என் தலைக்குள் மட்டுமே இருந்தன. நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் கை தூக்கிக் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்த ஒரு மாணவி, நான் திரும்பி வந்தபோது மறுபடியும் கடைசி வரிசையில் இருந்தாள். தவறு என்னுடையது.

பணிக்குத் திரும்பிய வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி வலையமைப்புப் பாடம். ஃபயர்வால் எனப்படும் தீச்சுவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்தான். "மிஸ், எல்லாமே அந்த ஒரு பெட்டி வழியாத்தான் போகுதுன்னா, அது கெட்டுப்போனா என்ன ஆகும்?" பக்கத்தில் இன்னொரு பெட்டியைத் தயாராக வைத்திருப்பார்கள் என்றேன். அவன் விடவில்லை. "முதல் பெட்டி எதுவரைக்கும் பார்த்துச்சுன்னு ரெண்டாவது பெட்டிக்கு எப்படித் தெரியும்?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன். இந்தக் கேள்விக்காகவே இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நிரல் எழுதப்பட்டும் திருத்தப்பட்டும் வருகிறது என்று தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கணினி ஆசிரியர்கள் அல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். கைமாற்றம் நம் எல்லோருக்கும் தெரிந்த சிக்கல்தான்.

தீச்சுவர் எதை நினைவில் வைக்கிறது?

இணையத்தில் தகவல் சிறுசிறு பொதிகளாகப் பயணிக்கிறது. ஒரு நிறுவனத்தின் உள் வலையமைப்புக்கும் வெளி இணையத்துக்கும் நடுவில் நின்று ஒவ்வொரு பொதியையும் பார்த்து, "போகலாம்", "கூடாது" என்று முடிவு செய்வது தீச்சுவர். அதனிடம் ஒரு விதிப் பட்டியல் இருக்கும். "உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து தானாக எதுவும் உள்ளே வரக்கூடாது" என்பது பொதுவான விதி.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஆய்வகக் கணினியில் மாணவர் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறார். கேட்கும் பொதி வெளியே போகிறது. பதில் வெளியிலிருந்துதான் வர வேண்டும். விதிப்படி பார்த்தால் அதைத் தடுக்க வேண்டுமே! எப்படி உள்ளே விடுகிறது? "சற்று முன் இந்தக் கணினி அந்தச் சர்வரிடம் பேசத் தொடங்கியது, இது அதற்கான பதில்" என்று தீச்சுவர் நினைவில் வைத்திருக்கிறது. ஒவ்வோர் உரையாடலுக்கும் இப்படி ஒரு பதிவு. இதை 'நிலை' என்கிறார்கள். இரு முனைகளின் முகவரிகள், போர்ட் எண்கள், எந்த நெறிமுறை, உரையாடல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது ஆகியவை அதில் அடங்கும். டிசிபி நெறிமுறையில் அனுப்பப்படும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. அந்த எண்கள் இப்போது எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதையும் தீச்சுவர் குறித்து வைக்கிறது. எல்லைக்கு வெளியே வரும் பொதி போலியாக இருக்கலாம் என்று தள்ளிவிடும்.

பல கணினிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இந்த நினைவு இன்னும் முக்கியம். வெளியிலிருந்து வரும் பதிலில் பொது முகவரி மட்டுமே இருக்கும். அது உள்ளே இருக்கும் எந்தக் கணினிக்கு உரியது என்பது நிலைப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். முதல் பெட்டி நின்றுபோகிறது. அதே விதிப் பட்டியலுடன் இரண்டாவது பெட்டி பொறுப்பேற்கிறது. ஆனால் பதிவேடு வெறுமையாக இருக்கிறது. உரையாடலின் நடுவில் வரும் ஒவ்வொரு பொதியும் அதற்கு முன்பின் தெரியாத ஆளாகத் தோன்றும், தள்ளிவிடும். பாதி இறங்கிய கோப்பு அறுபடும். தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்துகொண்டிருப்பவரின் இணைப்பு உறைந்து நிற்கும். விதிகள் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. என் மேசையில் பாடக்குறிப்பேடு இருந்தது போலத்தான்.

ஓப்பன்பிஎஸ்டியில் பிறந்த விடை

ஓப்பன்பிஎஸ்டி ஒரு திறந்த மூல இயங்குதளம். தியோ டி ராட் 1995இல் நெட்பிஎஸ்டி திட்டத்திலிருந்து பிரிந்து தொடங்கியது. கனடாவின் கால்கரி நகரில் இருந்து நடக்கிறது. பாதுகாப்பில் சமரசம் செய்துகொள்ளாதது என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவரும்.

2001 வரை அதில் ஐபிஃபில்டர் என்ற தீச்சுவர் நிரல் இருந்தது. உரிமம் தொடர்பாக ஏற்பட்ட பிணக்கால் அந்த ஆண்டு மே மாதம் அதை நீக்கிவிட்டார்கள். பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற இயங்குதளம் தீச்சுவர் இல்லாமல் நின்றது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டேனியல் ஹார்ட்மையர் புதிதாக ஒன்றை எழுதினார். பிஎஃப் என்ற அந்தத் தீச்சுவர் 2001 டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டி 3.0 பதிப்புடன் வெளிவந்தது.

2003 மே மாதம் 3.3 பதிப்பில் பிஎஃப்சிங்க் சேர்ந்தது. ஒரு பிஎஃப் தன் நிலைப் பதிவேட்டில் நடக்கும் மாற்றங்களை இன்னொரு பிஎஃபுக்குத் தெரிவிக்கும் பகுதி இது. அடுத்த ஆண்டு மே மாதம் 3.5 பதிப்பில் கார்ப் வந்தது. ஒரு பெட்டி விழுந்தால் மற்றொன்று அதன் முகவரியை எடுத்துக்கொள்ள வழிசெய்வது அதன் வேலை. இதற்கு ஏற்கெனவே விஆர்ஆர்பி என்ற நெறிமுறை இருந்தது. ஆனால் அதன் மீது சிஸ்கோ நிறுவனம் காப்புரிமை கோரியதால், யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய வேறொன்றைத் தாங்களே வடிவமைத்தார்கள்.

இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்வது அவசியம். கார்ப், பொறுப்பைக் கைமாற்றுகிறது. முதன்மைப் பெட்டி இயல்பாக வினாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று அறிவிக்கும். தொடர்ந்து மூன்று அறிவிப்பு அளவுக்கு மௌனம் நீடித்தால் துணைப் பெட்டி பொறுப்பேற்கும். பிஎஃப்சிங்க், நினைவைக் கைமாற்றுகிறது. அது செய்யும் வேலை பொறுப்பு மாறும் நேரத்தில் நடப்பதல்ல. அதற்கு முன்பே, எல்லாம் நன்றாக இருக்கும்போதே ஓயாமல் நடப்பது. விழுந்துவிட்ட பெட்டியிடம் எதையும் கேட்க முடியாதல்லவா?

அணைந்து மீண்டும் எழுந்த பெட்டியின் நிலை என்ன? அதன் பதிவேடு வெறுமை. அது மற்றதிடம் முழுப் பட்டியலையும் கேட்டு வாங்குகிறது. வாங்கி முடிக்கும் வரை, "நான் இன்னும் தயாரில்லை" என்று கார்ப் கணக்கில் தன்னைத் தானே ஒரு படி தாழ்த்திக்கொள்கிறது. மூத்த பெட்டியாக இருந்தாலும் இதுதான் முறை. இந்தச் சிறு ஏற்பாட்டைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. விடுப்பு முடிந்து வந்த அன்றே, இந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்று அந்த ஆசிரியையிடம் கேட்காமல் நான் வகுப்புக்குள் நுழைந்தேன்.

எதைச் சொல்வது, எதை விடுவது

இன்றைய ஓப்பன்பிஎஸ்டியில் நிலைப் பதிவேட்டின் இயல்பான உச்சவரம்பு 1,00,000 பதிவுகள். தேவைப்பட்டால் உயர்த்திக்கொள்ளலாம். ஒவ்வொரு பொதி கடக்கும்போதும் ஏதோ ஒரு பதிவில் எண் மாறும். ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் சொல்லப் போனால், உண்மையான போக்குவரத்துக்கு நிகராகச் சொல்லும் போக்குவரத்தும் பெருகிவிடும். சொல்லாமல் விட்டாலோ பயனில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி கண்டதுதான் பிஎஃப்சிங்கின் திறமை.

அது மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: புதியது, மாறியது, முடிந்தது. புதிய உரையாடல் என்றால் முழு விவரமும் போக வேண்டும். மாறியது என்றால் மாறக்கூடிய எண்கள் மட்டும் போதும். முடிந்தது என்றால் அடையாள எண் ஒன்றே போதும். இந்தச் செய்திகளை உடனே அனுப்பாமல், ஒரு பொதி நிறையும் வரையிலோ ஒரு வினாடி அளவுக்கோ சேர்த்து வைத்து ஒரே பொதியாக அனுப்புகிறது. ஒரே உரையாடலில் அடுத்தடுத்து நடக்கும் மாற்றங்களை ஒன்றாக மடக்கிவிடுகிறது. இயல்பாக 128 மாற்றங்கள் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் காத்திருப்பதில்லை.

இதற்கு ஒவ்வொரு பதிவும் ஏதாவது ஒரு வரிசையில் மட்டும் நிற்க வேண்டும். புதியது வரிசையில் நிற்கும் பதிவில் மேலும் மாற்றம் வந்தால் அங்கேயே நிற்கலாம். எப்படியும் முழு விவரம் போகப் போகிறது. மாறியது வரிசையில் நிற்பது முடிந்துபோனால், அங்கிருந்து எடுத்து முடிந்தது வரிசையில் நிறுத்த வேண்டும். புதியது வரிசையில் நிற்கும்போதே முடிந்துவிட்டால்? மற்ற பெட்டிக்கு அது பிறந்ததே தெரியாது. எனவே எதுவும் சொல்லாமல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் போதும்.

பெறும் பெட்டிக்கும் சில ஒழுக்கங்கள் உண்டு. தனக்குத் தெரியாத ஓர் உரையாடலைப் பற்றி 'மாறியது' என்று சுருக்கச் செய்தி வந்தால், ஊகிக்காமல் முழு விவரத்தைக் கேட்கும். தன்னிடம் இருப்பதைவிடப் பழைய செய்தி வந்தால் அதை ஏற்காமல், தன்னிடமுள்ள புதிய விவரத்தைத் திருப்பி அனுப்பும். உரையாடல் முன்னேதான் நகரலாம், பின்னால் போகக்கூடாது. மற்றதிடமிருந்து கற்றுக்கொண்டதைப் புதுச் செய்தியாக அதனிடமே திரும்ப ஒப்பிக்காது. ஒப்பித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இந்த ஏற்பாடு முழுமையானது அல்ல. கடைசி வினாடியில் பிறந்த உரையாடல்களைப் பற்றிச் சொல்லும் முன்பே பெட்டி விழுந்துவிடலாம். அப்படி அறுபட்டவர் மறுபடி முயன்றால் இணைப்பு கிடைத்துவிடும். நெடுநேரமாக நடந்துவரும் உரையாடல்கள் காப்பாற்றப்படும். சிறு இழப்பை ஏற்றுக்கொண்டு பெரிய இழப்பைத் தவிர்க்கும் கணக்கு இது.

இரண்டு வாசலும் திறந்திருந்தால்

தொடக்கத்தில் இருந்த ஏற்பாட்டில் ஒரு பெட்டி வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைத்தால் என்ன என்ற கேள்வி அடுத்து வந்தது. அதில் ஒரு பொறி உண்டு. மாணவரின் முதல் பொதி முதல் பெட்டி வழியாக வெளியே போகிறது. பதில் இரண்டாவது பெட்டி வழியாகத் திரும்புகிறது. "புதியது" என்ற செய்தி இன்னும் ஒரு வினாடி காத்திருப்பு வரிசையில் நிற்க, பதில் அதற்குள் வந்து நின்றால் இரண்டாவது பெட்டி தள்ளிவிடும்.

இதைத் தீர்த்தவர் ஆஸ்திரேலியாவின் டேவிட் க்வின். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் அவர் 2009இல் மாணவராக அளித்த ஆய்வேட்டின் பொருளே இதுதான். புதிய உரையாடலின் முதல் பொதியை முதல் பெட்டி சற்று நிறுத்தி வைக்கும். "புதியது" என்று மற்றதிடம் சொல்லும். "பதிந்துகொண்டேன்" என்ற ஒப்புதல் வந்தபின் பொதியை வெளியே விடும். ஒப்புதல் வராவிட்டாலும் சில மில்லி வினாடிகளுக்கு மேல் காக்க வைக்காது. ஓர் உரையாடலின் இரு திசைகளும் இரு பெட்டிகளில் பிரிந்து ஓடினால், ஒவ்வொரு திசைக்கும் எந்தப் பெட்டியிடம் புதிய எண் இருக்கிறதோ அதை எடுத்துச் சேர்க்கவும் வழி செய்தார். அதே ஆண்டு மே மாதம் வந்த ஓப்பன்பிஎஸ்டி 4.5 பதிப்பில் இது இடம்பெற்றது.

ஒரு மாணவரின் ஆய்வேடு, உலகில் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளத்தின் உட்கருவில் சேர்ந்தது. நம் மாணவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி இது.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஏன் தொட வேண்டும்?

கதை இங்கேயே முடிந்திருந்தால் இது ஒரு கண்டுபிடிப்புக் கதையாக இருந்திருக்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பின் நடந்தது. எழுதி முடித்த நிரல் அப்படியே இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிடுகிறது.

ஓப்பன்பிஎஸ்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளுக்கான ஆதரவு 2004 நவம்பரில் 3.6 பதிப்பில் வந்தது. பல செயலிகள் ஒரே நேரத்தில் இயங்கினால் ஒரே பதிவை இருவர் ஒரே நேரத்தில் திருத்தும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கக் கெர்னல் முழுவதற்கும் ஒரு பெரிய பூட்டு வைத்தார்கள். பள்ளியின் எல்லாப் பதிவேடுகளும் ஒரே பீரோவில், அதற்கு ஒரே சாவி. சாவி வைத்திருப்பவர் மட்டுமே எழுதலாம். பாதுகாப்பானது, ஆனால் மற்ற எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். வேகம் வேண்டுமென்றால் பெரிய பூட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பதிவேட்டுக்கும் தனிப் பூட்டு வைக்க வேண்டும். ஓப்பன்பிஎஸ்டி குழு பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக அதைச் செய்துவருகிறது.

பிஎஃப்சிங்க் இங்கேதான் சிக்கியது. அதன் வரிசைகளை மூன்று திசைகளிலிருந்து கைகள் தொடுகின்றன. கடக்கும் பொதிகளால் வரும் மாற்றம் ஒன்று. "ஒரு வினாடி ஆகிவிட்டது, அனுப்பு" என்று சொல்லும் நேரங்காட்டி மற்றொன்று. எதிர்ப் பெட்டியிலிருந்து வரும் செய்திகள் மூன்றாவது. எழுதப்பட்ட காலத்தில் "வெளியே யாரோ பெரிய பூட்டைப் பூட்டியிருக்கிறார்கள்" என்ற நம்பிக்கையில் நிரல் ஓடியது. அந்த நம்பிக்கை நிரலில் எங்கும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவில்லை. பெரிய பூட்டு தளரத் தளர, எழுதப்படாத அந்த நம்பிக்கைகள் ஒவ்வொன்றாகப் பொய்த்தன.

ஒரு செயலி ஒரு நிலைப் பதிவைப் பொதியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு செயலி அந்தப் பதிவை அழித்துவிட்டால், அழிந்த நினைவகத்தைக் கெர்னல் படிக்கும், இயங்குதளமே நின்றுபோகலாம். பெட்டி விழுந்தாலும் இணைப்பு அறுபடக் கூடாது என்று சேர்த்த பகுதியே பெட்டி விழக் காரணமாகிவிடும். அதுவும் எப்போதும் நடக்காது. போக்குவரத்து மிகுந்த வேளையில், இரண்டு நிகழ்வுகள் நுண்வினாடிப் பொருத்தத்தில் மோதினால் மட்டும் நடக்கும். சோதிக்கும்போது வராது. தேர்வு முடிவு வெளியாகும் நாள் போன்ற ஒரு நாளில் வரும்.

பல ஆண்டுகள் ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். ஒரு கட்டத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டு தாங்காது என்று ஆனது. 2009இல் எழுதிய டேவிட் க்வின்னே மீண்டும் அமர்ந்து அதை அடியிலிருந்து மாற்றி எழுதினார். 2023 அக்டோபரில் வெளியான ஓப்பன்பிஎஸ்டி 7.4 பதிப்பில் அது வந்தது.

அவர் செய்ததில் மூன்றைக் குறிப்பிடுகிறேன். முதலாவது, பிஎஃப்சிங்கின் தரவுகளுக்கு அதற்கே உரிய பூட்டுகள். எந்தத் தரவை எந்தப் பூட்டு காக்கிறது என்பது இப்போது நிரலைப் படிப்பவர் கண்ணுக்குத் தெரியும், சரிபார்க்க முடியும். இரண்டாவது, வரிசைகளைத் துண்டுகளாகப் பிரித்தது. எந்த உரையாடல் எந்தத் துண்டில் சேரும் என்பதைக் கணக்கீடு ஒன்று முடிவு செய்யும். ஒவ்வொரு துண்டும் தன் செய்திகளைத் தன் பொதியில் தானே கட்டி அனுப்பும். எதிர்காலத்தில் பல செயலிகள் ஒன்றையொன்று தடுக்காமல் வேலை செய்ய இது வழி. மூன்றாவது, அவர் மாற்றாமல் விட்டது. கம்பியில் போகும் செய்தியின் வடிவம் பழையதோடு ஒத்தே இருந்தது. உள்ளே எல்லாம் புதிது. வெளியே அதே மொழி.

இந்த மூன்றாவதன் மதிப்பை எண்ணிப் பாருங்கள். இரண்டு பெட்டி வைத்திருப்பவர் முதலில் துணைப் பெட்டியைப் புதிய பதிப்புக்கு மாற்றலாம். பழைய பெட்டியிடமிருந்து அது பட்டியலை வாங்கிக்கொள்ளும். பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்ததை மாற்றலாம். இணையம் பயன்படுத்துபவருக்கு ஒன்றுமே தெரியாது. செய்தி வடிவம் மாறியிருந்தால் இந்த வசதி பறிபோயிருக்கும்.

பராமரிப்பு என்னும் பணி

ஓப்பன்பிஎஸ்டியில் ஒரு மாற்றம் சேரும்முன் வேறொரு நிரலாளர் படித்துப் பார்த்துச் சம்மதம் தெரிவிப்பது வழக்கம். மாற்றத்துடன் ஏன் மாற்றினோம் என்ற குறிப்பும் பதிவேட்டில் ஏறும். பத்து ஆண்டு கழித்து வேறொருவர் வந்தாலும் காரணம் கிடைக்கும்.

திறந்த மூலம் என்பதால் பிஎஃப் வேறு வீடுகளுக்கும் போனது. 2004இல் ஃப்ரீபிஎஸ்டி 5.3 பதிப்பில் சேர்ந்தது. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ஆகிய தீச்சுவர்த் தொகுப்புகள் அந்தக் கிளையில் வளர்ந்தவை. அங்கே பிஎஃப்சிங்கும் உண்டு. ஆனால் இரு கிளைகளும் காலப்போக்கில் விலகிவிட்டன. ஓரிடத்தில் செய்த திருத்தம் தானாக மற்றதற்குப் போகாது. அங்கே உள்ளவர் படித்து, தம் நிரலுக்கு ஏற்ப எழுத வேண்டும். பராமரிப்பு என்பது ஒருமுறை செய்து முடிப்பதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். பிஎஃப்சிங்க் அனுப்பும் செய்தியில் கையொப்பம் இல்லை, மறையாக்கமும் இல்லை. அந்தக் கம்பியில் நுழைய முடிந்தவர் பொய்யான நிலைப் பதிவுகளைச் செருகி, தீச்சுவரையே ஏமாற்றலாம். எனவே இரண்டு பெட்டிகளையும் தனிக் கம்பியால் நேரடியாக இணைக்க வேண்டும். இல்லையென்றால் ஐபிசெக் கொண்டு காக்க வேண்டும் என்பது பரிந்துரை. கைமாற்றும் நினைவு யார் கையில் சேர்கிறது என்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

இதை ஒரே பாடவேளையில் விளையாட்டாகச் செய்து காட்டலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே முடியும். கணினி வேண்டாம், காகிதத் துண்டுகள் போதும்.

பத்து மாணவர்கள் ஐந்து இணைகளாக வகுப்பின் இரு பக்கமும் அமரட்டும். ஒவ்வோர் இணையும் 1, 2, 3 என வரிசை எண்ணிட்ட துண்டுகளில் ஒருவருக்கொருவர் கடிதம் அனுப்பட்டும். நடுவில் ஒரு காவலர். யார் யாருடன் பேசுகிறார், அடுத்து எந்த எண் வர வேண்டும் என்று அவர் குறிக்க வேண்டும். தவறான எண்ணில் வரும் துண்டைத் தள்ளிவிட வேண்டும். வகுப்புக்கு வெளியே துணைக் காவலர் ஒருவர் நிற்கட்டும்.

முதல் சுற்றில் திடீரெனக் காவலரை மாற்றுங்கள், குறிப்பைக் கொடுக்காதீர்கள். புதியவர் எல்லாத் துண்டுகளையும் மறுக்க வேண்டியிருக்கும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு துண்டு கடந்ததும் காவலர் ஒரு சீட்டு எழுதி வெளியே அனுப்பட்டும். கடிதங்கள் தேங்கி நிற்பதை மாணவர்களே பார்ப்பார்கள். மூன்றாம் சுற்றில் பத்து எண்ணும் நேரத்துக்கு ஒருமுறை, புதியது, மாறியது, முடிந்தது என்று மூன்று கட்டமிட்ட ஒரே சீட்டு போகட்டும். பிறகு காவலரை மாற்றிப் பாருங்கள். ஓரிரு கடிதம் அறுபடும், மற்றவை தொடரும். எதை எழுதினால் போதும், எதை விடலாம் என்று அவர்களே பேசட்டும். மேல்நிலை மாணவர்கள் என்றால், இரண்டு காவலர் ஒரே சீட்டில் ஒரே நேரத்தில் எழுத முயன்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பூட்டின் தேவை அங்கே புரியும்.

கேள்வி கேட்ட மாணவனையே முதல் முறை காவலராக நிறுத்தினேன். மூன்றாம் சுற்று முடிந்ததும், "சீட்டு எழுதறதுதான் மிஸ் கஷ்டம், காவல் காக்கறது இல்ல" என்றான்.

இப்போது என் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அதில் ஒரு பக்கம் எழுதுகிறேன். மூன்று கட்டங்கள்தான். புதிதாக யார் எதில் திணறுகிறார், யாரிடம் என்ன மாற்றம், எது தீர்ந்துவிட்டது. வீட்டுச் செய்திகளையும் மாணவர்கள் நம்பிச் சொன்னவற்றையும் எழுதுவதில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால் எல்லாவற்றையும் எழுத முயல்வதும் இல்லை. முதல் பக்கத்தின் முதல் வரி, கடைசி வரிசைக்குப் போய்விட்ட அந்த மாணவியைப் பற்றியது. எட்டு வாரம் அவள் பெயர் இரண்டாம் கட்டத்தில் இருந்தது. ஒன்பதாம் வாரம் அவள் தானாக எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள். மூன்றாம் கட்டத்துக்கு மாற்றினேன்.

அடுத்த விடுப்பு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. நோட்டு எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.